ஜோடி மாற்றி ஆடும் ஓமிப் போட்டி: 16 பேருக்கு ஓர் அட்டவணை வேண்டும்

கொட்டகலைத் தூறல்

எங்கள் தோட்டத்துச் சனசமூக நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓமிப் போட்டி (நால்வர் இரண்டு ஜோடியாக ஆடும் துருப்புச் சீட்டு விளையாட்டு) நடத்தலாம் என்று பேசி வைத்திருக்கிறோம். பதினாறு பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள். மேசை நான்கு இருக்கிறது, சீட்டுக்கட்டும் போதுமான அளவு இருக்கிறது. இல்லாதது அட்டவணைதான்.

வழக்கமான முறை எனக்குப் பிடிக்கவில்லை. இருவர் இருவராக ஜோடி கட்டி வந்து, தோற்ற ஜோடி வெளியே என்று நடத்தினால் முதல் மணித்தியாலத்திலேயே எட்டுப் பேருக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது. வாசலில் நின்று தொலைபேசியை நோண்டுவார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களையும் காணோம். கடைசி ஆட்டத்துக்குக் கைதட்டக்கூட ஆள் இருக்காது.

அதனால் யாரையும் வெளியேற்றக் கூடாது. ஆட்டத்துக்கு ஆட்டம் ஜோடி மாற வேண்டும். கடைசியில் தனி ஒருவர் வெற்றியாளர். இதை எப்படி ஒழுங்கு செய்வது? புள்ளியை யாருக்கு எப்படிப் போடுவது? நடத்திப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

துருப்புச் சீட்டு

தம்பி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன் கேட்காத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போட்டி என்று வைத்தால் 304 என்ற சீட்டு விளையாட்டை வையுங்கள். ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2. ஒரு வகைக்கு 76, நான்கு வகைக்கும் சேர்த்து 304. ஏலம் கேட்க வேண்டும், துருப்பைக் கவிழ்த்து வைக்க வேண்டும், விழுந்த சீட்டை எல்லாம் மனதில் எண்ணிக்கொண்டே ஆட வேண்டும். ஓமியில் என்ன இருக்கிறது? நான்கு சீட்டைப் பார்த்துத் துருப்புச் சொல்கிறோம், ஆளுக்கொரு சீட்டாக விழும் எட்டுப் பிடியில் ஐந்தை எடுத்தால் முடிந்தது.

ஜோடி மாற்றும் யோசனையும் எனக்கு ஒத்துவரவில்லை. எதிரே இருப்பவர் ஏன் அந்தச் சீட்டைப் போட்டார் என்று சொல்லாமலே புரிவதுதான் இந்த விளையாட்டின் ருசி. அது ஒரு நாளில் வருவதில்லை. ஆட்டத்துக்கு ஒரு புதிய ஆளை எதிரே உட்கார வைத்தால் அது சீட்டு விளையாட்டு இல்லை, பரிசுச்சீட்டு இழுப்பு.

நோர்வூட் நாலாம் ஆள்

துருப்புச் சீட்டு அண்ணன், "சொல்லாமலே புரிவது" என்று நீங்கள் அழகாகச் சொல்வதை எங்கள் பக்கத்தில் வேறு மாதிரி சொல்வார்கள். ஒரு ஜோடியை எனக்குத் தெரியும். பெரியவர் காதைத் தடவினால் ஆட்டின், மூக்கைச் சொறிந்தால் கிளாவர். "இன்றைக்கும் மழை வரும் போலிருக்கிறது" என்றால் கையில் துருப்பு ஏஸ். நோர்வூட்டில் மழை வராத நாள் எது? யாரும் சந்தேகப்படவே இல்லை. ஆண்டுக்கணக்காக அவர்கள்தான் முதலிடம்.

ஜோடியை மாற்றிக்கொண்டே இருந்தால் இந்தச் சங்கேதம் எல்லாம் செல்லாக் காசு. அதற்காகவே நான் இதை ஆதரிக்கிறேன்.

304 நல்ல விளையாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் ஏலத்தில் ஒருவர் யோசிக்க ஆரம்பித்தால் மற்ற மூன்று மேசையும் காத்திருக்க வேண்டும். ஓமி பெண்களுக்குத் தெரியும், பெரிய பிள்ளைகளுக்குத் தெரியும், கடைவீதியில் இருக்கும் சிங்கள நண்பர்களுக்கும் தெரியும். ஊர் கூடி ஆடுவதற்கு அதுதான் சரி.

லிந்துலை வாசி

அட்டவணைக்கு எளிய வழி இருக்கிறது. பதினாறு பேரையும் நான்கு குழுவாகப் பிரியுங்கள். ஒவ்வொரு மேசையிலும் குழுவுக்கு ஒருவர். சுற்று முடிந்ததும் முதல் குழு அசையக் கூடாது. இரண்டாம் குழு ஒரு மேசை தள்ளிப் போக வேண்டும், மூன்றாம் குழு இரண்டு மேசை, நான்காம் குழு மூன்று மேசை. தாளும் வேண்டாம், பேனாவும் வேண்டாம்.

பழைய கணக்கு

லிந்துலை வாசி சொன்ன முறை நல்ல முறை. ஆனால் நான்கு மேசைக்கு ஆகாது. மூன்றாம் குழு இரண்டிரண்டு மேசையாக நகர்கிறது. நான்கு மேசைதான் இருக்கிறது என்றால் இரண்டு நகர்வில் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். முதல் சுற்றில் முதல் குழுவோடு யார் யார் எந்த மேசையில் இருந்தார்களோ, மூன்றாம் சுற்றில் அப்படியே மறுபடியும் உட்கார்ந்திருப்பார்கள். இரண்டாம் குழுவுக்கும் நான்காம் குழுவுக்கும் இதே கதிதான். காகிதத்தில் வரைந்து பாருங்கள்.

மேசை ஐந்து என்றால் இந்தச் சிக்கல் இல்லை. ஏழு என்றாலும் இல்லை. இருபது பேர் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு லிந்துலை முறையைப் பிடியுங்கள்: ஐந்து சுற்றிலும் எந்த இருவரும் ஒரே மேசையில் இரண்டாவது முறை சந்திக்க மாட்டார்கள். ஒரே குழுவில் இருப்பவர்கள் மட்டும் தங்களுக்குள் ஒருமுறைகூடச் சந்திப்பதில்லை. அது குறை இல்லை, வசதி. ஒரே வீட்டுக்காரர்களை ஒரே குழுவில் போட்டுவிட்டால் கணவன் மனைவி ஒரே மேசையில் உட்கார்ந்து சண்டை பிடிக்கும் காட்சியைத் தவிர்க்கலாம்.

பதினாறு பேருக்கு வேறு வழி. ஒரு பழைய கட்டிலிருந்து ஏஸ், ராஜா, ராணி, ஜாக்கி பதினாறையும் எடுங்கள். வாசலில் வரும் ஒவ்வொருவரும் அதிலிருந்து ஒரு சீட்டை இழுக்கட்டும். அந்த நாள் முழுவதும் அந்தச் சீட்டுதான் அவருடைய பெயர். சுவரில் இந்தச் சதுரத்தை எழுதி ஒட்டுங்கள்:

இஸ்பேடு ஏஸ் – ஆட்டின் ராஜா – டைமன் ராணி – கிளாவர் ஜாக்கி
ஆட்டின் ராணி – இஸ்பேடு ஜாக்கி – கிளாவர் ஏஸ் – டைமன் ராஜா
டைமன் ஜாக்கி – கிளாவர் ராணி – இஸ்பேடு ராஜா – ஆட்டின் ஏஸ்
கிளாவர் ராஜா – டைமன் ஏஸ் – ஆட்டின் ஜாக்கி – இஸ்பேடு ராணி

எந்த வரிசையைக் குறுக்கே பார்த்தாலும், எந்த வரிசையை மேலிருந்து கீழே பார்த்தாலும், நான்கு வகையும் ஒவ்வொன்று, நான்கு படமும் ஒவ்வொன்று. பிரெஞ்சுப் புதிர் நூல்களில் 18ஆம் நூற்றாண்டிலேயே வந்த சதுரம் இது.

முதல் சுற்று: ஒரே வகைக்காரர்கள் ஒரே மேசை. இஸ்பேடு எல்லாம் ஒன்றாக, ஆட்டின் எல்லாம் ஒன்றாக. இரண்டாம் சுற்று: ஏஸ் நால்வரும் ஒரு மேசை, ராஜா நால்வரும் ஒரு மேசை, அப்படியே மற்றவர்களும். மூன்றாம் சுற்று: சதுரத்தில் குறுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு மேசை. நான்காம் சுற்று: நெடுக்கு வரிசை ஒவ்வொன்றும் ஒரு மேசை. ஐந்தாம் சுற்றை மட்டும் தனியாக எழுதி ஒட்ட வேண்டும்:

இஸ்பேடு ஏஸ், டைமன் ராஜா, கிளாவர் ராணி, ஆட்டின் ஜாக்கி
ஆட்டின் ராஜா, கிளாவர் ஏஸ், டைமன் ஜாக்கி, இஸ்பேடு ராணி
டைமன் ராணி, இஸ்பேடு ஜாக்கி, ஆட்டின் ஏஸ், கிளாவர் ராஜா
கிளாவர் ஜாக்கி, ஆட்டின் ராணி, இஸ்பேடு ராஜா, டைமன் ஏஸ்

ஐந்து சுற்று முடிந்தால் ஒவ்வொருவரும் மற்ற பதினைந்து பேரோடும் சரியாக ஒருமுறை ஒரே மேசையில் உட்கார்ந்திருப்பார்.

இனி ஜோடி. ஒரு மேசையில் உட்கார்ந்த நால்வரும் எழுந்திருப்பதற்கு முன் மூன்று ஆட்டம் ஆட வேண்டும். ஜன்னல் பக்கம் இருப்பவர் அசைய வேண்டாம். ஆட்டம் முடிந்ததும் மற்ற மூவரும் ஒரு நாற்காலி நகர்ந்தால் போதும். ஜன்னல்காரருக்கு எதிரே புதிய ஆள் வந்துவிடுவார், மற்ற இருவரும் தானாக ஜோடியாகிவிடுவார்கள். ஐந்து சுற்று, சுற்றுக்கு மூன்று, ஆக மொத்தம் பதினைந்து ஆட்டம். பதினைந்து ஆட்டத்திலும் பதினைந்து வேறு வேறு ஜோடி. எவரும் எவருக்கும் ஒருமுறை ஜோடி, இரண்டு முறை எதிராளி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. விஸ்ட் என்ற ஆங்கிலச் சீட்டு விளையாட்டுக்கு இப்படிப்பட்ட அட்டவணைகளை ஈ. எச். மூர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1896இல் ஆராய்ந்து எழுதியிருக்கிறார். நாம் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

கொட்டகலைத் தூறல்

சேர், கட்டை எடுத்துத் தரையில் பரப்பிப் பார்த்தேன். அப்படியே வருகிறது. மேசை மாறுவது நான்கே முறை, ஜோடியோ பதினைந்து! ஆட்டத்துக்கு ஆட்டம் மண்டபம் முழுக்க நாற்காலி இழுபடும் என்று பயந்துகொண்டிருந்தேன்.

துருப்புச் சீட்டு

சதுரம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. பதினாறு பேரில் நான்கு பேர் நேற்றுத்தான் சீட்டுப் பிடிக்கக் கற்றவர்களாக இருப்பார்கள். துருப்பு எது என்று நடு ஆட்டத்தில் கேட்பார்கள். நான் கொண்டுபோன பிடியை என் ஜோடியே வெட்டுவார். அவரால் நான் ஏன் புள்ளி இழக்க வேண்டும்?

கிளாவர் ராணி

இழப்பீர்கள், ஒருமுறை. அதே ஆள் உங்களுக்கு இரண்டு முறை எதிராளியாக உட்காருவார்; அப்போது யார் புள்ளி வாங்குவது? மேலே சேர் எழுதியதை நிதானமாகப் படியுங்கள். புதிய ஆட்களால் உங்களுக்கு லாபம்தான் அண்ணன். அதுவும் நீங்கள் மட்டுமில்லை, மண்டபத்தில் இருக்கும் எல்லாருமே அதே ஆளைச் சுமந்தாக வேண்டும். நிலையான ஜோடி என்றால்தான் ஒருவர் தலையில் மட்டும் விடியும்.

நான் பண்டாரவளையில் எங்கள் ஆசிரியர் விடுதியில் இதைச் சின்ன அளவில் நடத்தியிருக்கிறேன். எட்டுப் பேர், இரண்டு மேசை. அதற்கும் கணக்கு இருக்கிறது: முதல் ஆட்டத்தில் 8உம் 7உம் ஜோடி, எதிரே 1உம் 3உம். அடுத்த மேசையில் 4, 5 ஜோடி, எதிரே 2, 6. பிறகு ஆட்டத்துக்கு ஆட்டம் எல்லா எண்ணிலும் ஒன்றைக் கூட்டுங்கள், 7க்குப் பிறகு 1. எட்டாம் எண்காரர் மட்டும் மாற மாட்டார். ஏழு ஆட்டத்தில் எல்லாரும் எல்லாரோடும் ஜோடியாகிவிடுவார்கள். வீட்டில் செய்து பார்க்க இது போதும்.

புள்ளி விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். வழக்கமான ஓமி போல பத்துக் காய் (வெற்றிப் புள்ளி) சேரும்வரை ஆட விடாதீர்கள். ஒரு மேசை பத்து நிமிடத்தில் முடியும், இன்னொரு மேசை முக்கால் மணித்தியாலம் இழுக்கும், மற்றவர்கள் கொட்டாவி விடுவார்கள். ஓர் ஆட்டத்துக்கு நான்கு முறை சீட்டுப் போடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆளுக்கு ஒருமுறை போட்டால் துருப்புச் சொல்லும் வாய்ப்பும் ஆளுக்கு ஒருமுறை வந்துவிடும்.

காய்க் கணக்கு ஊருக்கு ஊர் வேறுபடும் என்பதால் சுவரில் எழுதிவிடுங்கள். நாங்கள் வைத்தது: துருப்புச் சொன்ன பக்கம் ஐந்து பிடிக்கு மேல் எடுத்தாலும் ஐந்து எடுத்தாலும் ஒரு காய், எதிர்ப்பக்கம் எடுத்தால் இரண்டு, எட்டையும் வாரிக் கப்போத்தி அடித்தால் மூன்று. நாலுக்கு நாலு வந்தால் அடுத்த முறை வெல்பவருக்கு ஒரு காய் கூடுதல். நான்காவது முறையும் சமன் என்றால் அந்தக் காய் யாருக்கும் இல்லை.

தாளில் எழுதும்போது வென்ற இருவருக்கும் கூட்டல், தோற்ற இருவருக்கும் அதே அளவு கழித்தல். நான் இதில் கண்டிப்பாக இருப்பேன். ஏனென்றால் அப்போது மேசையில் இருக்கும் நால்வரின் தொகையும் எப்போதும் பூச்சியம், மண்டபத்தின் தொகையும் பூச்சியம். சுற்று முடிந்து கூட்டிப் பார்த்து மூன்று வந்தால் எங்கோ ஒரு மேசையில் பிழையாக எழுதியிருக்கிறார்கள் என்று அப்போதே தெரியும். மாலையில் பரிசு கொடுக்கும் நேரத்தில் தெரிந்து பயன் இல்லை.

மஸ்கெலியா மழை

சமநிலை வந்தால்?

பழைய கணக்கு

அந்த இருவரும் நேருக்கு நேர் இரண்டு ஆட்டம் ஆடியிருப்பார்கள், அது இந்த அட்டவணையில் நிச்சயம். அந்த இரண்டில் யார் மேலே என்று பாருங்கள். அதுவும் சமன் என்றால் அதிகக் கப்போத்தி எடுத்தவர்.

மஸ்கெலியா மழை

நன்றி சேர். நாள் எது என்று தம்பி சொல்லவில்லை. டிசம்பர் போயாவிலிருந்து (பௌர்ணமி) மே மாத வெசாக் வரைக்கும் சிவனொளிபாத மலை யாத்திரைப் பருவம். அந்த மாதங்களில் போயாவை ஒட்டிய சனி, ஞாயிறு என்றால் ஹட்டனிலிருந்து மலையடிவாரமான நல்லதண்ணீருக்குப் போகும் பஸ் எல்லாம் யாத்திரிகர் கூட்டம். எங்களால் ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. ஏப்ரலில் நுவரெலியாப் பக்கம் வசந்த கால நெரிசல் வேறு. பருவம் முடிந்த பிறகு வையுங்கள். எப்போது வைத்தாலும் பின்னேரம் வரை இழுக்காதீர்கள். தோட்டங்களுக்குப் போகும் கடைசி பஸ்ஸை விட்டால் முச்சக்கர வண்டிக்குக் கொடுக்கும் காசு பரிசை விட அதிகம்.

நோர்வூட் நாலாம் ஆள்

நேரம் கணக்குப் போட்டேன். பதினைந்து ஆட்டம், ஆட்டத்துக்கு நான்கு, அறுபது முறை சீட்டுப் போட வேண்டும். ஒன்றுக்கு மூன்று நிமிடம் என்றால் மூன்று மணித்தியாலம். இடம் மாற, தேத்தண்ணீர் குடிக்க, சண்டை தீர்க்க இன்னொரு மணித்தியாலம். காலை ஒன்பதரைக்கு ஆரம்பித்தால் ஒன்றரைக்குப் பரிசு கொடுத்துவிடலாம். 304 என்றால் ஏலத்தோடு சேர்த்து இரட்டிப்பாகும்; இருட்டிவிடும்.

கிளாவர் ராணி

பணம் பற்றியும் தெளிவாக இருங்கள். தோட்டத்தில் சீட்டுக்கட்டு என்றாலே பெண்களுக்கு நினைவு வருவது சம்பள நாள் இரவும் காலியான பையும்தான். "சீட்டுப் போட்டி" என்று அறிவித்தால் பாதி வீட்டில் விட மாட்டார்கள். பணம் வைத்து ஆடுவதற்கு எதிராக இந்த நாட்டில் 1889இலேயே சூதாட்டக் கட்டளைச் சட்டம் வந்துவிட்டது. ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கி அதையே வென்றவருக்குக் கொடுத்தால் பணயம் இல்லை என்று நீங்கள் எத்தனை பேருக்கு விளக்குவீர்கள்? தேத்தண்ணீருக்கும் வடைக்கும் மட்டும் வாங்குங்கள், அதையும் சுவரில் எழுதுங்கள். பரிசை யாராவது ஒரு கடைக்காரரிடம் அன்பளிப்பாகக் கேட்டுப் பெறுங்கள். எங்கள் பரிசு ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி. வென்ற அக்கா அதைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினார், கிண்ணம் கொடுத்திருந்தால்கூட அத்தனை கைதட்டல் வந்திருக்காது.

பெண்கள் வர வேண்டும் என்றால் அழைப்பை ஆண்கள் சொல்லி அனுப்பக் கூடாது. நேரில் போய்ப் பெயர் கேளுங்கள். சமையலை முடித்துவிட்டு வர ஒன்பதரை சரியான நேரம். ஆனால் "நீங்கள் வடை சுட்டுத் தாருங்கள், ஆட நாங்கள் இருக்கிறோம்" என்ற பழைய கதை வேண்டாம். வடையைக் கடையில் வாங்குங்கள்.

வடையைச் சாப்பிட்ட கையோடு சீட்டைத் தொட விடாதீர்கள். எண்ணெய் பட்ட ஏஸ் முதுகைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதற்குப் பிறகு காதைத் தடவும் ஜோடியே தேவையில்லை. மேசைக்கு ஒரு துணி வையுங்கள். அட்டைச் சீட்டு நம் ஊர் ஈரத்துக்கு ஒட்டிக்கொள்ளும், ஒன்றுக்கு இரண்டாக விழும். பிளாஸ்டிக் சீட்டாக வாங்குங்கள். சிலர் கரம் பலகைக்குப் போடும் பவுடரைச் சீட்டில் தூவுகிறார்கள். வேண்டாம், இரண்டு ஆட்டத்தில் களியாகிவிடும்.

லிந்துலை வாசி

பதினாறில் ஒருவர் வராவிட்டால்? நம் ஊரில் கடைசி நேரத்தில் யாருக்காவது மரண வீடு வந்துவிடும்.

பழைய கணக்கு

ஒழுங்கமைப்பவர் பதினேழாவது ஆளாக வெளியே இருக்க வேண்டும், ஆடக் கூடாது. யாராவது வராவிட்டால் அந்தச் சீட்டை அவர் எடுத்துக்கொள்வார். நடுவில் ஒருவர் எழுந்து போனாலும் அப்படித்தான். போனவரின் புள்ளி அவர் விட்ட இடத்தில் நின்றுவிடும். பதினாறை விட்டுப் பன்னிரண்டுக்கு இறக்கிச் சதுரத்தை வெட்டப் பார்க்காதீர்கள், வராது.

கொட்டகலைத் தூறல்

அப்படியென்றால் நான் ஆட முடியாதா சேர்?

பழைய கணக்கு

முடியாது.

துருப்புச் சீட்டு

தம்பி ஆடாவிட்டால் நல்லதுதான், மேசைக்கு மேசை நடந்து யார் காதைத் தடவுகிறார்கள் என்று பார்க்க ஒருவர் வேண்டும்.

எதிராளியாக இரண்டு முறை, ஜோடியாக ஒருமுறை என்ற கணக்கை நான் யோசித்திருக்கவில்லை. கிளாவர் ராணிக்கு அதில் ஒரு மதிப்பெண். ஆனாலும் சொல்கிறேன், யார் நன்றாக ஆடுகிறார் என்பதை இது காட்டாது. யாருக்கு நல்ல சீட்டு விழுந்தது என்பதைத்தான் காட்டும்.

பழைய கணக்கு

அறுபது கையில் நல்லதும் கெட்டதும் ஓரளவு ஈடாகும். முழுமையாக ஈடாக்க வேண்டும் என்றால் பிரிட்ஜ் ஆட்டக்காரர்கள் செய்வதுபோல ஒரே கையை அப்படியே பெட்டியில் வைத்து அடுத்த மேசைக்கு அனுப்பி ஆட வேண்டும். வாளிக்கு அவ்வளவு தேவையில்லை.

கொட்டகலைத் தூறல்

முடிவாகச் சொல்கிறேன். ஓமிதான். ஐந்து சுற்று, சேரின் சதுரம், ஆட்டத்துக்கு நான்கு கை, கூட்டல் கழித்தல் புள்ளி. வெசாக் கழிந்து வரும் ஏதாவது ஒரு ஞாயிறு, காலை ஒன்பதரை. சதுரத்தையும் ஐந்தாம் சுற்றையும் தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் எழுதத் தங்கையிடம் சொல்லிவிட்டேன். வாளிக்கும் ஒரு கடைக்காரர் ஒப்புக்கொண்டுவிட்டார், நீல நிறம்.

துருப்புச் சீட்டு அண்ணன், உங்கள் பெயரைப் பதினாறில் போட்டுவிட்டேன். பரிசு கொடுத்த பிறகு மண்டபம் நான்கு மணி வரை நம் கையில்தான் இருக்கிறது. ஒரு மேசையை 304க்கு விட்டுவைக்கிறேன். மற்ற மூன்று பேரை நீங்களே கூட்டி வாருங்கள். அதில் ஜோடியை மாற்றச் சொல்ல மாட்டோம்.